பட்டியல் மனப்பாடம், கோடு மட்டும் தப்புகிறது: ஆங்கில ப்ரிபொசிஷனைக் கண்டுபிடிக்க அறிகுறிவாரியாக ஒரு வழி

இன், ஆன், அட், அண்டர், அபவ், பிஹைண்ட் என்று ஐம்பது சொல்லைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அதே ஆட்களிடம் பத்து வாக்கியத்தைக் கொடுத்து, ப்ரிபொசிஷனுக்கு அடிக்கோடு போடுங்கள் என்றால் நாலு தப்பிவிடும். வேறு மூன்று சொல்லுக்குக் கீழே தேவையில்லாமல் கோடு விழுந்திருக்கும். விடைத்தாள் திருத்தும்போது இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். படிக்காமல் வருகிற பிழை இல்லை இது. பட்டியலை மட்டும் நம்பியதால் வருவது.

அதனால் இதைப் பாடமாக எழுதாமல், எந்த இடத்தில் எப்படித் தப்புகிறது என்று அறிகுறியை வைத்து எழுதுகிறேன். உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேராக அங்கே போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பின்னால் வரும் சோதனைகளுக்கெல்லாம் அதுதான் கருவி. வாக்கியங்களை வாய்விட்டுப் படியுங்கள்; சில இடங்களில் கண்ணைவிடக் காது நன்றாகக் கண்டுபிடிக்கும்.

## முதலில் கையில் வேண்டிய கேள்வி

தமிழில் 'மேசைக்கு அடியில்' என்கிறோம். மேசை முதலில், அடியில் பிறகு. ஆங்கிலத்தில் 'அண்டர் தி டேபிள்'. அடியில் முதலில், மேசை பிறகு. நம்முடைய வேற்றுமை உருபும் சொல்லுருபும் பெயருக்குப் பின்னால் வரும். அவர்களுடையது பெயருக்கு முன்னால் நிற்கும். ப்ரிபொசிஷன் என்ற பெயரே லத்தீனில் 'முன்னால் வைப்பது' என்ற பொருளிலிருந்து வந்ததுதான். இடம் மாறினாலும் வேலை ஒன்றே: ஒரு பெயரைப் பிடித்து, அதை வாக்கியத்தின் மற்றப் பகுதியோடு கட்டிவிடுவது.

ஆக, சந்தேகப்படும் சொல்லின் மேல் விரலை வையுங்கள். 'எதற்கு? எதில்? யாரோடு?' என்று அந்தச் சொல்லுக்கு ஏற்ற கேள்வியைக் கேளுங்கள். பதில் அந்தச் சொல்லுக்கு வலப்பக்கம் ஒரு பெயராகவோ, பெயருக்குப் பதிலாக வரும் 'ஹிம்', 'இட்' போன்ற சொல்லாகவோ கிடைத்தால் அது ப்ரிபொசிஷன். கிடைத்த பதில்தான் அதன் ஆப்ஜெக்ட். ப்ரிபொசிஷனில் தொடங்கி அந்தப் பெயர் முடியும் வரைக்கும் உள்ளது ப்ரிபொசிஷனல் ஃப்ரேஸ்.

'தி கேட் ஸ்லெப்ட் அண்டர் தி டேபிள்.' விரல் 'அண்டர்' மேல். எதற்கு அடியில்? 'தி டேபிள்'. சரி, 'அண்டர்' ப்ரிபொசிஷன், 'அண்டர் தி டேபிள்' முழுதும் ஃப்ரேஸ்.

இன்னொரு சின்ன அடையாளமும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலத்திலும் நம்மைப் போல் பெயரோடு ஒட்டும் வேற்றுமை உருபுகள் இருந்தன. அவை தேய்ந்து மறைய மறைய, அந்த வேலையில் பெரும்பகுதியை ப்ரிபொசிஷன்கள் எடுத்துக்கொண்டன. மிச்சம் இருப்பது 'மீ, ஹிம், ஹெர், அஸ், தெம்' மாதிரி சில சொற்களில்தான். அதனால்தான் ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் 'ஐ, ஹி, ஷி' வராது. 'மீ, ஹிம், ஹெர்' தான் வரும். 'பிட்வீன் யு அண்ட் மீ' சரி. 'பிட்வீன் யு அண்ட் ஐ' என்று பலர் சொல்கிறார்கள், தேர்வில் அது தப்பு.

## "பட்டியலில் இருக்கிற சொல்லுக்குத்தான் கோடு போட்டேன், தப்பு என்கிறார்கள்"

அதிகமாகப் பார்க்கும் பிழை இதுதான். காரணம், ஒரே சொல் வெவ்வேறு வாக்கியத்தில் வெவ்வேறு வேலைக்குப் போகும். பட்டியல் சொல்லைத்தான் காட்டும், அன்றைக்கு அது என்ன வேலை பார்க்கிறது என்று காட்டாது.

'ஷி ரேன் டவுன் தி ஸ்டெப்ஸ்.' எதில் இறங்கி ஓடினாள்? 'தி ஸ்டெப்ஸ்', படிகளில். ப்ரிபொசிஷன்.

'ஷி ஃபெல் டவுன்.' எதில்? வலப்பக்கம் முற்றுப்புள்ளிதான் இருக்கிறது. கீழே விழுந்தாள், அவ்வளவுதான். இந்த 'டவுன்' வினையை விளக்குகிறது, எந்தப் பெயரையும் பிடிக்கவில்லை. இது வினையுரிச்சொல், அதாவது அட்வெர்ப்.

சில நேரம் வலப்பக்கம் ஏதோ இருக்கும், ஆனால் அது இந்தச் சொல்லுக்குச் சொந்தமில்லை. 'ஷி ஃபெல் டவுன் எஸ்டர்டே.' நேற்றுக்குக் கீழே விழுந்தாளா? கேட்டுப் பார்த்தாலே பொருந்தாது. வலப்பக்கம் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்க்காமல் கேள்வியைக் கேட்கச் சொல்வது இதனால்தான்.

இதைவிட நுட்பமாக ஏமாற்றுவது 'பிஃபோர், ஆஃப்டர், சின்ஸ், அன்டில்' என்ற நாலு சொற்கள். இவற்றுக்குப் பின்னால் பெயரும் வரும், முழு வாக்கியமும் வரும்.

'வீ ஏட் பிஃபோர் தி மீட்டிங்.'
'வீ ஏட் பிஃபோர் தி மீட்டிங் ஸ்டார்டட்.'

முதலாவதில் 'தி மீட்டிங்' என்ற பெயரோடு நின்றுவிடுகிறது, ப்ரிபொசிஷன். இரண்டாவதில் 'ஸ்டார்டட்' என்று ஒரு வினை ஓடி வந்துவிட்டது. 'தி மீட்டிங்' இப்போது அந்த வினைக்கு எழுவாய். 'பிஃபோர்' இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும் இணைப்புச்சொல்லாகிவிட்டது. பெயரைக் கண்டதும் பென்சிலை வைத்துவிடுபவர்கள்தான் இங்கே மாட்டுவார்கள். பெயரைத் தாண்டி இன்னும் இரண்டு சொல் படியுங்கள்.

தமிழ் நமக்கு இந்த இடத்தில் உதவாது. 'கூட்டத்துக்கு முன்', 'கூட்டம் தொடங்குவதற்கு முன்' இரண்டிலும் நாம் 'க்கு முன்' என்றே முடிக்கிறோம். தொடங்குதல் என்பதையே ஒரு பெயராக்கி உருபை ஒட்டிவிடுகிறோம். அதனால் வித்தியாசம் காதில் விழுவதில்லை. தமிழ்ப் பொருளை வைத்து இதைத் தீர்மானிக்காதீர்கள். ஆங்கில வாக்கியத்தில் வினை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

'பிஃபோர் ஈட்டிங்' என்று வந்தால்? 'ஈட்டிங்' என்பது நம் தொழிற்பெயர் மாதிரி. உண்ணுதல். பெயர்தான். ஆகவே ப்ரிபொசிஷன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2002-இல் ராட்னி ஹடில்ஸ்டன், ஜெஃப்ரி புல்லம் இருவரும் முன்னின்று வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம், மேலே சொன்ன 'ஃபெல் டவுன்', 'பிஃபோர் தி மீட்டிங் ஸ்டார்டட்' இரண்டிலும் இருப்பது ப்ரிபொசிஷன்தான் என்கிறது. சில வினைகளுக்குச் செயப்படுபொருள் தேவை, சிலவற்றுக்குத் தேவையில்லை. ப்ரிபொசிஷனும் அப்படியே என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதம் பிடிக்கும். ஆனால் பள்ளிப் புத்தகங்களும் போட்டித் தேர்வுகளும் பெரும்பாலும் பழைய வகைப்பாட்டையே பின்பற்றுகின்றன. இங்கே நான் சொல்வதும் அதை வைத்துத்தான்.

## "'டு' வந்தால் எப்போது கோடு, எப்போது விட வேண்டும்?"

ஒரே வாக்கியத்தில் மூன்று 'டு' வைத்துப் பார்ப்போம்.

'ஷி வாக்ட் டு தி லைப்ரரி டு ரிட்டர்ன் எ புக் டு ஹெர் ஃப்ரெண்ட்.'

நூலகத்துக்கு நடந்தாள், ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க, அவள் தோழியிடம். முதல் 'டு' மேல் விரல்: எதற்கு? நூலகத்துக்கு. ப்ரிபொசிஷன். இரண்டாவது: வலப்பக்கம் 'ரிட்டர்ன்', இங்கே அது ஒரு வினை. தமிழில் 'கொடுக்க' என்று வரும் எச்சத்துக்குச் சமம். இது இன்ஃபினிட்டிவ், கோடு கிடையாது. மூன்றாவது: யாரிடம்? தோழியிடம். ப்ரிபொசிஷன். ஆக மூன்றில் இரண்டுக்கு மட்டும் கோடு.

இவ்வளவு தெளிவாக இருந்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை. சிக்கல் வருவது 'டு' வுக்குப் பின் 'இங்' வரும்போது. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யு.' மீட் என்பது வினைதானே, அப்போது இது இன்ஃபினிட்டிவ்தானே என்று விட்டுவிடுகிறார்கள். இல்லை. இதற்கு ஒரு சோதனை: 'டு' வுக்குப் பின்னால் இருப்பதை எடுத்துவிட்டு 'இட்' என்று போடுங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்.' வாக்கியம் நிற்கிறது. நின்றால் ப்ரிபொசிஷன்.

இதே சோதனை இந்த ஜோடியையும் பிரித்துக் கொடுக்கும்:

'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் ஏர்லி.' சீக்கிரம் எழுவது எனக்குப் பழக்கம். 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' நிற்கும். ப்ரிபொசிஷன்.

'ஐ யூஸ்ட் டு வேக் அப் ஏர்லி.' முன்பெல்லாம் சீக்கிரம் எழுவேன். 'ஐ யூஸ்ட் டு இட்' நிற்காது. ப்ரிபொசிஷன் இல்லை.

## "ப்ரிபொசிஷன் சரி, ஃப்ரேஸை எங்கே மூடுவது என்று தெரியவில்லை"

'தி கீஸ் ஆர் இன் தி ஸ்மால் பிரவுன் பாக்ஸ் ஆன் தி டாப் ஷெல்ஃப்.' சாவிகள் மேல்தட்டில் இருக்கும் சின்னப் பழுப்புநிறப் பெட்டியில் இருக்கின்றன.

ஒருவர் இதை 'இன் தி' என்று மூடினார். ஏன் என்று கேட்டேன். "இன் முடிஞ்சுதுல்ல" என்றார். அவர் ப்ரிபொசிஷனை மட்டும் பார்த்தார், அது பிடித்திருப்பதைப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்து நடந்து பார்ப்போம். 'இன்': எதில்? 'தி' பதிலா? இல்லை. 'ஸ்மால்'? சின்ன என்றால் சின்ன எது? 'பிரவுன்'? அதுவும் இல்லை. 'பாக்ஸ்'. ஆம், பெட்டியில். இங்கே மூடலாம். 'இன் தி ஸ்மால் பிரவுன் பாக்ஸ்'. நடுவில் எத்தனை அடைமொழி வந்தாலும் பெயர் வரும்வரை மூடக் கூடாது. 'ஆஃப்டர் எ வெரி லாங் அண்ட் டயரிங் ஜர்னி' என்று நீண்டாலும் 'ஜர்னி' வரும்வரை பொறுமை வேண்டும்.

அப்புறம் 'ஆன் தி டாப் ஷெல்ஃப்'. இது தனி ஃப்ரேஸ். எந்தப் பெட்டி என்று சொல்கிறது. நுணுக்கமாகப் பார்த்தால் 'இன்' பிடித்திருப்பது 'மேல்தட்டில் இருக்கும் அந்தப் பெட்டி' முழுவதையும்தான். அதனால் பெரிய ஃப்ரேஸுக்குள் சிறிய ஃப்ரேஸ் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிப் பயிற்சிகளில் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்து எழுதினால் போதும். மாதிரி விடை எப்படி இருக்கிறதோ அப்படிச் செய்யுங்கள். இரண்டுமே ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

'அண்ட்' வந்தால் கொஞ்சம் கவனம். 'ஷி ஸ்டுட் பிட்வீன் தி டோர் அண்ட் தி விண்டோ.' கதவோடு மூடிவிட்டால் 'இடையில்' என்ற பொருளே வராது. இரண்டையும் சேர்த்து மூட வேண்டும். 'ஃப்ரம் பிஹைண்ட் தி கர்ட்டன்' மாதிரி இரண்டு ப்ரிபொசிஷன் ஒட்டி வந்தால் பயம் வேண்டாம். திரைக்குப் பின்னாலிருந்து. தமிழிலும் இரண்டும் ஒட்டித்தான் வருகின்றன, வரிசை மட்டும் தலைகீழ்.

## "'இஸ்' போடுவதா 'ஆர்' போடுவதா? இதில் எப்போதும் தப்புகிறது"

இதை இலக்கணத்தில் வேறு தலைப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது.

'தி பாக்ஸ் ஆஃப் பென்சில்ஸ் ___ ஆன் தி டெஸ்க்.' வெற்றிடத்துக்குப் பக்கத்தில் 'பென்சில்ஸ்' பன்மையில் நிற்கிறது. கை தானாக 'ஆர்' என்று எழுதிவிடும். ஃப்ரேஸைக் கண்டுபிடித்து அதன் மேல் லேசாக ஒரு கோடு அடியுங்கள். 'ஆஃப் பென்சில்ஸ்' போய்விட்டது. மிச்சம் 'தி பாக்ஸ் ___ ஆன் தி டெஸ்க்'. ஒரு பெட்டி. 'இஸ்'. ப்ரிபொசிஷன் பிடித்துவைத்திருக்கும் பெயர் வாக்கியத்துக்கு எழுவாயாக முடியாது. அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.

'தி டீச்சர், அலாங் வித் ஹெர் ஸ்டூடன்ட்ஸ், இஸ் கமிங்' என்பதிலும் இதே கதை. மாணவர்கள் எத்தனை பேர் வந்தாலும் 'அலாங் வித்' அவர்களைப் பிடித்துக்கொண்டது. எழுவாய் டீச்சர் ஒருவர்தான். தமிழில் 'ஆசிரியர் மாணவர்களோடு வருகிறார்' என்று சரியாகவே சொல்கிறோம், ஆங்கிலத்துக்குப் போனதும் மறந்துவிடுகிறோம்.

இந்தக் கோடு அடிக்கும் வித்தைக்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதை மறந்தால் புதுப் பிழை முளைக்கும். 'சம், ஆல், மோஸ்ட், எ லாட்' போன்ற அளவுச் சொற்களுக்குப் பின் 'ஆஃப்' வந்தால், அதற்குள் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் வினை மாறும். 'சம் ஆஃப் தி வாட்டர் இஸ் கோல்ட்.' 'சம் ஆஃப் தி புக்ஸ் ஆர் ஓல்ட்.' அதே மாதிரி 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்' என்றால் பல மாணவர்கள் வரவில்லை. 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ஸ்மால்' என்றால் எண்ணிக்கை குறைவு. இரண்டாவதில்தான் கோடு அடிப்பது செல்லும்.

## "இது ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். எனக்குப் ப்ரிபொசிஷனாகத் தெரிகிறது"

'ஹி ரேன் அப் எ ஹில்.'
'ஹி ரேன் அப் எ பில்.'

ஒரே எழுத்துதான் வித்தியாசம். முதலாவதில் குன்றின் மேல் ஏறி ஓடினான். இரண்டாவதில் செலவு மேல் செலவு செய்து பில்லை ஏற்றிவிட்டான். பில்லின் மேல் யாரும் ஓடவில்லை. இரண்டாவதில் 'ரேன் அப்' இரண்டும் சேர்ந்து ஒரே வினை, 'அப்' அதன் ஒரு துண்டு. இப்படிப்பட்ட கூட்டு வினையைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள்.

பொருளை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் பொருள் தெரியாத வினை வந்தால்? இடம் மாற்றிப் பாருங்கள். 'ஹி ரேன் எ பில் அப்' என்று நகர்த்த முடியும். 'ஹி ரேன் எ ஹில் அப்' என்று சொல்ல முடியாது. நகர்ந்தால் வினையின் துண்டு, நகராவிட்டால் ப்ரிபொசிஷன்.

'இட்' போட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். 'ஹி லுக்ட் அப் தி வேர்ட்', அகராதியில் சொல்லைத் தேடினான். 'இட்' போட்டால் 'லுக்ட் இட் அப்' ஆகும், 'லுக்ட் அப் இட்' ஆகாது. 'ஹி லுக்ட் அப் தி ஸ்டெயர்ஸ்', படிக்கட்டை அண்ணாந்து பார்த்தான். இங்கே 'லுக்ட் அப் தெம்' தான் வரும்.

காதால் கேட்கிற சோதனையும் ஒன்று உண்டு. 'லுக் இட் அப்' என்னும்போது 'அப்' அழுத்தமாக விழும். 'லுக் அட் இட்' என்னும்போது 'அட்' மெலிந்து 'அ' கூடச் சரியாகக் கேட்காமல் வழுக்கிப் போகும். வினையின் துண்டு பொதுவாக அழுத்தம் பெறும், சின்னப் ப்ரிபொசிஷன்கள் பொதுவாகப் பெறாது. நல்ல உச்சரிப்பைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கைகொடுக்கும்.

'லுக் ஆஃப்டர்' எந்தப் பக்கம்? கவனித்துக்கொள் என்று தனிப்பொருள் வந்துவிட்டதால் பல புத்தகங்கள் இதையும் ஃப்ரேசல் வெர்ப் பட்டியலில் போட்டுவிடுகின்றன. ஆனால் 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று நகர்த்த முடியாது. அமைப்பில் 'ஆஃப்டர்' ப்ரிபொசிஷன்தான். கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து விடை எழுதுங்கள்.

## "வலப்பக்கம் பெயரே இல்லை, ஆனால் ப்ரிபொசிஷன் என்கிறது விடை"

'வாட் ஆர் யு லுக்கிங் அட்?' 'அட்' க்குப் பின்னால் கேள்விக்குறிதான். 'ஷி ஃபெல் டவுன்' மாதிரி இதையும் விட்டுவிடத் தோன்றும். விடக் கூடாது. பெயர் காணாமல் போகவில்லை, இடம் பெயர்ந்திருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்: 'ஐ ஆம் லுக்கிங் அட் தி பேர்ட்.' பறவை வந்து உட்கார்ந்த இடம்தான் 'வாட்' இருந்த இடம். கேள்வியாக்கும்போது அது முன்னால் போய்விட்டது, 'அட்' மட்டும் தனியாக நின்றுவிட்டது.

இப்படி நிற்பதை நாலு இடங்களில் பார்க்கலாம். கேள்வி ஒன்று. அடுத்தது 'திஸ் இஸ் தி சேர் ஐ சேட் ஆன்'; நான் உட்கார்ந்த நாற்காலி. இதைப் பிரித்தால் 'ஐ சேட் ஆன் தி சேர்'. அப்புறம் 'எ பென் டு ரைட் வித்'. 'ரைட் வித் எ பென்'. கடைசியாக 'தி பேபி வாஸ் லுக்ட் ஆஃப்டர் வெல்'. யாரோ 'லுக்ட் ஆஃப்டர் தி பேபி'. ஒவ்வொன்றிலும் பெயர் அதே வாக்கியத்துக்குள் இருக்கிறது, நீங்கள் அதைத் திரும்பக் கூட்டி வந்து உட்கார வைக்க முடிகிறது. 'ஷி ஃபெல் டவுன்' இல் கூட்டி வர யாரும் இல்லை.

நாற்காலி வாக்கியத்தில் நமக்கு ஏன் தடுமாற்றம் என்றால், 'நான் உட்கார்ந்த நாற்காலி' என்னும்போது தமிழ் 'இல்' உருபை அப்படியே விழுங்கிவிடும். ஆங்கிலம் விழுங்காது. அதனால் எழுதும்போது நாம் 'தி சேர் ஐ சேட்' என்று விட்டுவிடுகிறோம், கண்டுபிடிக்கும்போது 'ஆன்' எதற்கு இருக்கிறது என்று முழிக்கிறோம். இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகம்.

ப்ரிபொசிஷனில் வாக்கியத்தை முடிப்பதே தப்பு என்று சொல்லிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1672-இல் கவிஞர் ஜான் டிரைடன், தனக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரியை இதற்காகக் குறை சொன்னார். அந்தக் கருத்து நெடுங்காலம் தங்கிவிட்டது. 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லவுத், இது ஆங்கிலத்தின் இயல்பான போக்கு, பேச்சு நடைக்குப் பொருந்தும், உயர்ந்த நடைக்கு முன்னால் வைப்பதே நயம் என்று மிதமாகத்தான் சொன்னார். அவர் சொன்னது இன்றைக்கும் நல்ல வழிகாட்டி. முடிவில் நிற்பது பிழையே இல்லை.

## "தமிழில் உருபு இருக்கிறது, ஆங்கிலத்தில் தேடினால் காணோம்"

தமிழில் மொழிபெயர்த்துப் பார்த்து விடை கண்டுபிடிப்பவர்களுக்கு வரும் அறிகுறி இது.

'ஐ கேவ் ஹிம் எ புக்.' அவனுக்கு ஒரு புத்தகம் கொடுத்தேன். 'அவனுக்கு' என்பதில் 'கு' இருக்கிறது, ஆங்கில வாக்கியத்திலோ ப்ரிபொசிஷனே இல்லை. 'ஐ கேவ் எ புக் டு ஹிம்' என்று மாற்றி எழுதினால் 'டு' வந்துவிடும். 'ஷி என்டர்ட் தி ரூம்', அறைக்குள் நுழைந்தாள். 'க்குள்' ஆங்கிலத்தில் வினைக்குள்ளேயே இருக்கிறது. 'வீ டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்', பிரச்சினையைப் பற்றிப் பேசினோம். இந்தப் 'பற்றி'யை நம்பித்தான் 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்று பலர் எழுதுகிறார்கள்.

எதிர்த்திசையிலும் நடக்கும். 'லுக் அட் மீ', என்னைப் பார். 'லிசன் டு மீ', நான் சொல்வதைக் கேள். நமக்கு இரண்டாம் வேற்றுமை போதும், அவர்களுக்கு ப்ரிபொசிஷன் வேண்டும்.

'ஐ வென்ட் ஹோம்', 'ஷி கேம் லாஸ்ட் வீக்' இரண்டும் இந்த வகைதான். வீட்டுக்கு, போன வாரத்தில் என்று இடமும் காலமும் சொல்கின்றன; ஆனால் அங்கே ப்ரிபொசிஷன் இல்லை, ஆகவே ப்ரிபொசிஷனல் ஃப்ரேஸும் இல்லை. பொருள் தமிழில் சரியாக வருகிறதா என்று பாருங்கள், ஆனால் கோடு போடும்போது ஆங்கில வாக்கியத்தில் எழுதியிருக்கும் சொல்லுக்கு மட்டும் போடுங்கள்.

## "இதெல்லாம் ப்ரிபொசிஷன் என்றே தெரியாது"

இதற்கு மட்டும் கொஞ்சம் மனப்பாடம் வேண்டும். இரண்டு மூன்று சொல் சேர்ந்து ஒரே ப்ரிபொசிஷனாக வருபவை: 'இன் ஃப்ரன்ட் ஆஃப், அவுட் ஆஃப், இன்ஸ்டெட் ஆஃப், இன் ஸ்பைட் ஆஃப், அக்கார்டிங் டு'. 'பிகாஸ் இட் ரெயின்ட்' என்பதில் 'பிகாஸ்' இணைப்புச்சொல். 'பிகாஸ் ஆஃப் தி ரெயின்' என்பதில் 'பிகாஸ் ஆஃப்' ப்ரிபொசிஷன். வினை மாதிரி 'இங்' இல் முடிந்து ஏமாற்றுபவை: 'டியூரிங், ரிகார்டிங், கன்சர்னிங், இன்க்ளூடிங்'. தினமும் பழகினாலும் கண்ணில் படாதவை: 'லைக், பாஸ்ட், எக்செப்ட், டிஸ்பைட்'. 'ஐ லைக் ஹெர்' இல் 'லைக்' வினை. 'ஷி சிங்ஸ் லைக் ஹெர் மதர்' இல் அம்மாவைப் போல, ப்ரிபொசிஷன். எல்லாவற்றுக்கும் அதே விரல், அதே கேள்விதான்.

## "இது அட்ஜெக்டிவ் ஃப்ரேஸா, அட்வெர்ப் ஃப்ரேஸா?"

ஃப்ரேஸைக் கண்டுபிடித்தபின் அது எதை விளக்குகிறது என்று கேட்பார்கள். 'எந்த?' என்ற கேள்விக்குப் பதிலானால் பெயரை விளக்குகிறது, அட்ஜெக்டிவ். 'எங்கே, எப்போது, எப்படி, ஏன்?' என்பதற்குப் பதிலானால் பெரும்பாலும் வினையை விளக்குகிறது, அட்வெர்ப். 'தி புக் ஆன் தி டேபிள் இஸ் மைன்': எந்தப் புத்தகம்? மேசையில் இருப்பது. அட்ஜெக்டிவ். 'ஐ புட் தி புக் ஆன் தி டேபிள்': எங்கே வைத்தேன்? மேசையில். அட்வெர்ப். ஒரே ஃப்ரேஸ், வேலை வேறு.

தமிழில் இந்த இரண்டையும் நாம் குழப்பவே மாட்டோம். முதலாவதுக்கு 'மேசையில் இருக்கும் புத்தகம்' என்று ஒரு எச்சத்தை நடுவில் போடுவோம், இரண்டாவதுக்கு 'மேசையில் வைத்தேன்' என்போம். ஆக, இந்த ஒரு இடத்தில் தமிழில் மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. 'இருக்கும்', 'உள்ள', 'வைத்திருக்கும்' என்று நடுவில் ஒரு சொல் தேவைப்பட்டால் அட்ஜெக்டிவ்.

இரண்டும் பொருந்துகிற வாக்கியமும் வரும். 'ஐ சா தி மேன் வித் எ டெலஸ்கோப்.' தொலைநோக்கி வைத்திருந்த ஆளைப் பார்த்தேனா, தொலைநோக்கி வழியாக அந்த ஆளைப் பார்த்தேனா? வாக்கியத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் விடை அதற்குள் இல்லை. தேர்வில் இப்படி ஒன்று வந்து சுற்றியுள்ள வாக்கியங்களும் உதவாவிட்டால் இரண்டு பொருளையும் எழுதி, எந்தப் பொருளுக்கு எந்த வகை என்று காட்டுங்கள். நீங்களே எழுதுகிற வாக்கியமாக இருந்தால் ஃப்ரேஸை நகர்த்துங்கள்: 'வித் எ டெலஸ்கோப், ஐ சா தி மேன்' என்று முன்னால் கொண்டுபோனால், தொலைநோக்கி உங்கள் கைக்கு வந்துவிடும்.